தேதி குறித்தார்கள், பணம் ஒதுக்கவில்லை: ஆர்ட்டெமிஸ் 2024 கெடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2019 மார்ச் 26 அன்று அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் பேசிய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் நாசாவுக்கு ஒரு கெடு வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்கர்கள் மீண்டும் நிலவில் கால் வைக்க வேண்டும். பிறகு ஆர்ட்டெமிஸ் என்று பெயர் பெற்ற திட்டம் இதுதான். அதுவரை நாசா போட்டு வைத்திருந்த கணக்கு 2028. ஒரே பேச்சில் நான்கு ஆண்டுகள் குறைந்தன. காரணமாக அவர் சீனாவைச் சொன்னார். அந்த ஜனவரி 3 அன்றுதான் சீனாவின் ஆளில்லாக் கலமான சாங்இ 4 நிலவின் மறுபக்கத்தில் இறங்கியிருந்தது. அதற்கு முன் வேறு எந்த நாடும் அங்கே இறங்கியதில்லை. 1960களைப் போலவே இன்றும் நாம் விண்வெளிப் பந்தயத்தில் இருக்கிறோம், இம்முறை பணயம் இன்னும் பெரிது என்பது பென்ஸ் பேச்சின் சாரம்.

2024 வந்து போனது. யாரும் இறங்கவில்லை, இறங்குவதற்கான கலமும் தயாராகவில்லை. அந்த டிசம்பரில் நாசா அறிவித்த புதிய இலக்கு 2027இன் நடுப்பகுதி.

விண்வெளித் துறையில் கெடு தவறுவது அன்றாடச் செய்தி. அதற்காக இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரிய திட்டம் ஓடுவதற்குத் தேவை என்று வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாமே இங்கே இருந்தன. போட்டியாளர் கண்முன் நின்றார். வெள்ளை மாளிகை அவசரப்பட்டது. இரண்டு கட்சிகளிலும் பெரிய எதிர்ப்பு இல்லை. நிலவுக்குப் போய் வந்த அனுபவமும் அந்த நாட்டுக்கு இருந்தது. இத்தனை இருந்தும் பணம் வரவில்லை என்றால், நாடுகளுக்கிடையே போட்டி மூண்டால் நிதி தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2019 மார்ச்சிலிருந்து 2025 டிசம்பர் வரையிலான காலம்தான் இந்த ஆய்வின் எல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டி ஒரு நிலவுத் திட்டத்தைச் சாகவிடாமல் காக்கும். அதை வேகப்படுத்தும் பணத்தைக் கொண்டுவருவது வேறு விஷயம். எந்தத் தொழிற்சாலை எந்தத் தொகுதியில் இருக்கிறது, எந்த ஒப்பந்தம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அப்போலோவை எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள்

போட்டி என்றால் பணம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் அப்போலோதான். 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத்தின் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஐந்து நாள் கழித்து கியூபாவில் பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பு தொடங்கி, அமெரிக்காவுக்கு அவமானமாக முடிந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி தன் துணை அதிபர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். விண்வெளியில் எந்தப் போட்டியில் நாம் சோவியத்தை ஜெயிக்க முடியும் என்பதுதான் அதிலிருந்த கேள்வி. மே 25 அன்று நிலவை இலக்காக அறிவித்தபோது, மனிதரை அனுப்பியதில் அமெரிக்காவின் மொத்த அனுபவம் ஆலன் ஷெப்பர்டின் 15 நிமிடப் பயணம் மட்டுமே.

அதன் பிறகு பணம் கொட்டியது உண்மை. 1966இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. உச்சக் காலத்தில் சுமார் 4 லட்சம் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். அப்போலோவின் கடைசிக் கணக்கு அன்றைய மதிப்பில் சுமார் 2,540 கோடி டாலர். இன்று நாசாவின் பங்கு அரசுச் செலவில் அரை சதவீதத்துக்கும் குறைவு.

வழக்கமாக விடுபட்டுப்போகும் பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. 1962 நவம்பர் 21 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்பிடம் கென்னடி பேசுகிறார். சோவியத்தை முந்துவதுதான் முக்கியம், அது இல்லையென்றால் இவ்வளவு பணம் செலவழிக்கக் கூடாது, விண்வெளியில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை என்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று அதே கென்னடி ஐ.நா. சபையில் நின்று, சோவியத்தும் அமெரிக்காவும் சேர்ந்தே நிலவுக்குப் போகலாமே என்று யோசனை சொன்னார். போட்டியின் உச்சத்திலேயே, அதைத் தொடங்கியவருக்கு அதன் செலவு உறுத்தத் தொடங்கியிருந்தது.

ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, 1968 ஆகஸ்டில், அப்போலோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டுகளை 15 என்ற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள வெப் உத்தரவிட்டார். பந்தயம் முடியும் முன்பே பந்தயக் குதிரைக்குத் தீனி நின்றுவிட்டது. 1970இல் மூன்று அப்போலோ பயணங்கள் ரத்தாயின. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியதும் எல்லாம் முடிந்தது.

தோற்ற பக்கத்தின் கதையும் கிட்டத்தட்ட இதே பாடம்தான். சோவியத் அரசு மனிதரை நிலவில் இறக்கும் திட்டத்துக்கு அதிகாரப்பூர்வமாக ஒப்புதல் தந்தது 1964 ஆகஸ்டில், கென்னடியின் அறிவிப்புக்கு மூன்று ஆண்டுகள் கழித்து. இருந்த பணத்தையும் கொரோலெவ், செலொமெய், குளுஷ்கோ என்று தலைமை வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவர்களின் நிலவு ராக்கெட்டான என்1இன் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவற்றை மொத்தமாகத் தரையில் எரித்துப் பார்க்கும் சோதனை மேடையைக் கட்டவே இல்லை. 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. அமெரிக்காவோடு போட்டி போட்டதைவிட தங்களுக்குள் போட்டி போட்டதுதான் அவர்களை அதிகம் பாதித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு இரண்டு முயற்சிகள். 1989 ஜூலை 20 அன்று அதிபர் மூத்த புஷ் அறிவித்த நிலவு, செவ்வாய்த் திட்டத்துக்கு ஏறத்தாழ 50,000 கோடி டாலர் ஆகும் என்ற மதிப்பீடு வெளியானதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கதவைச் சாத்திக்கொண்டது. இளைய புஷ் 2004இல் தொடங்கிவைத்த கான்ஸ்டலேஷன் திட்டம் 2020க்குள் நிலவு என்றது. 2009இல் அதை ஆராய்ந்த நார்மன் அகஸ்டின் குழு, ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்தால்தான் பூமியைத் தாண்டிப் போவதைப் பற்றிப் பேச முடியும் என்றது. அந்தப் பணம் வரவில்லை. சுமார் 900 கோடி டாலர் செலவான நிலையில் ஒபாமா அரசு 2010இல் அதைக் கைவிட்டது.

இந்த வரிசையைப் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எதிரி இருந்தபோது போனோம், இல்லாதபோது போகவில்லை, ஆகவே ஒரு எதிரி வேண்டும். பென்ஸ் பேச்சு அந்த முடிவின் நேரடி விளைவு.

கெடுவுக்குப் பின்னால் வந்த கணக்கு

2019 மே மாதம் திட்டத்துக்கு ஆர்ட்டெமிஸ் என்று பெயர் வைத்த நாசா தலைவர் ஜிம் பிரிடென்ஸ்டைன், அதே வாரத்தில் காங்கிரஸிடம் 160 கோடி டாலர் கூடுதலாகக் கேட்டார். அதில் 100 கோடி நிலவில் இறங்கும் லேண்டருக்கு. கேட்ட விதத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஏழை மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கான பெல் உதவித்தொகையில் மிச்சமிருந்த பணத்திலிருந்து இதை ஈடுகட்டலாம் என்று வெள்ளை மாளிகை சொன்னது. நிலவுக்குப் போவதை எதிர்க்காத உறுப்பினர்கள்கூட இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பது பணம் வேண்டும் என்பதைவிடக் கடினமான அரசியல். அதை இவ்வளவு அலட்சியமாகக் கையாண்டது இந்த நிகழ்வின் முதல் பெரிய தவறு.

அடுத்த மாதமே பிரிடென்ஸ்டைன் ஒரு பேட்டியில், 2024இல் இறங்க ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக 2,000 முதல் 3,000 கோடி டாலர் தேவைப்படலாம் என்றார். கெடு அறிவித்து மூன்று மாதம் ஆன பிறகு வெளியான விலை இது. கென்னடி விஷயத்தில் விலை பற்றிய பேச்சு அறிவிப்போடு சேர்ந்தே நடந்தது. காங்கிரஸ் முன் பேசும்போதே, பெரும் செலவு வரும், அதைச் சுமக்கத் தயாரில்லை என்றால் இப்போதே விட்டுவிடலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

2020 நிதியாண்டுக்கு லேண்டருக்குக் கிடைத்தது 60 கோடி டாலர். 2021க்கு நாசா கேட்டது சுமார் 330 கோடி, கிடைத்தது 85 கோடி. நான்கில் ஒரு பங்குதான்.

அதே 2021 பட்ஜெட்டில் எஸ்எல்எஸ் என்ற பெரிய ராக்கெட்டுக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதற்கு வெள்ளை மாளிகை கேட்டது சுமார் 226 கோடி டாலர், காங்கிரஸ் கொடுத்தது சுமார் 259 கோடி. கேட்டதைவிட 33 கோடி அதிகம். ஒரே சட்டம், ஒரே ஆண்டு, ஒரே சீனா. ஓர் ஒதுக்கீட்டில் வெட்டு, இன்னொன்றில் தாராளம். இந்த முழு ஆய்விலும் ஒரே ஒரு சான்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் 2010இல் இருக்கிறது. கான்ஸ்டலேஷனைக் கைவிட ஒபாமா முடிவெடுத்தபோது, அதன் வேலைகள் நடந்துகொண்டிருந்த மாநிலங்களின் செனட்டர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபுளோரிடாவின் பில் நெல்சன், டெக்சஸின் கே பெய்லி ஹட்சிசன், அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி ஆகியோர் இதில் முன்னணியில் இருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய நாசா சட்டம் ஒரு புதிய கனரக ராக்கெட்டைச் செய்யச் சொன்னது, அதுதான் எஸ்எல்எஸ். முடிந்தவரை பழைய ஷட்டில் விண்ணோடக் காலத்து ஒப்பந்தங்களையும் ஆட்களையும் உறுப்புகளையுமே பயன்படுத்த வேண்டும் என்றும், 2016 முடிவுக்குள் அது பறக்க வேண்டும் என்றும் சொன்னது. ராக்கெட்டை வடிவமைக்கும் மார்ஷல் மையம் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிறது. பென்ஸ் கெடு வைத்த ஊரும் அதுதான். உடல் பகுதி லூசியானாவில் உருவாகிறது, பூஸ்டர்கள் யூட்டாவில், எஞ்சின் சோதனை மிசிசிப்பியில், ஏவுதல் ஃபுளோரிடாவில். ராக்கெட் முதன்முதலாகப் பறந்தது 2022 நவம்பர் 16 அன்று, சட்டம் சொன்னதற்கு ஆறு ஆண்டுகள் தள்ளி. அந்தத் தாமதம் முழுவதிலும் அதன் பட்ஜெட்டுக்கு ஆபத்து வந்ததே இல்லை.

லேண்டருக்கு அப்படி ஒரு வரலாறு இல்லை. அதைச் செய்யும் தொழிற்சாலை இன்னும் முடிவாகாததால் அதைச் சொந்தம் கொண்டாடத் தொகுதியும் இல்லை. பென்ஸ் தன் பேச்சில், தேவைப்பட்டால் தனியார் ராக்கெட்டுகளைப் பயன்படுத்துவோம் என்று மிரட்டிப் பார்த்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பு பிரிடென்ஸ்டைனும் செனட் விசாரணையில் அதே யோசனையை எடுத்தார். சில வாரங்களில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ஒரு லேண்டர், ஒரு வழக்கு

2020 ஏப்ரல் 30 அன்று நாசா மூன்று அணிகளைத் தேர்ந்தெடுத்து ஆரம்ப வடிவமைப்புக்குப் பணம் கொடுத்தது. ப்ளூ ஆரிஜின் அணிக்கு 57.9 கோடி டாலர், டைனெட்டிக்ஸுக்கு 25.3 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 13.5 கோடி. அடுத்த கட்டத்தில் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் எண்ணம். ஒன்று சொதப்பினால் இன்னொன்று இருக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும்.

2021 ஏப்ரல் 16 அன்று நாசா ஒரே ஓர் அணியைத்தான் தேர்ந்தெடுத்தது. ஸ்பேஸ்எக்ஸ், 289 கோடி டாலர். தேர்வு அதிகாரி கேத்தி லூடர்ஸ் கையெழுத்திட்ட ஆவணத்தில் காரணம் மறைக்கப்படவில்லை: இரண்டு பேருக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. மிகக் குறைந்த விலை கேட்ட ஸ்பேஸ்எக்ஸுக்கே, ஆண்டுத் தவணைகளை நாசாவின் பட்ஜெட்டுக்குள் அடங்கும்படி மாற்றியமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ப்ளூ ஆரிஜின் கேட்டது சுமார் 600 கோடி, டைனெட்டிக்ஸ் அதைவிட மிக அதிகம்.

தோற்ற இருவரும் அரசு கணக்காய்வு அலுவலகத்தில் முறையிட்டார்கள், வேலை நின்றது. ஜூலையில் ப்ளூ ஆரிஜின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ் திறந்த மடல் எழுதி, 200 கோடி டாலர் வரை தள்ளுபடி தருவதாகச் சொன்னார். ஜூலை 30 அன்று முறையீடு தள்ளுபடியானது. ஆகஸ்டில் ப்ளூ ஆரிஜின் நீதிமன்றம் போனது, நவம்பர் 4 அன்று அங்கேயும் தோற்றது. ஐந்து நாள் கழித்து, செனட்டராக எஸ்எல்எஸ்ஸை உருவாக்கி இப்போது நாசா தலைவராகியிருந்த நெல்சன், 2024 சாத்தியமில்லை என்று அறிவித்தார். வழக்கில் போன ஏறக்குறைய ஏழு மாதத்தையும், காங்கிரஸ் போதிய பணம் தராததையும் காரணமாகச் சொன்னார்.

இதற்கு நடுவே, அந்த அக்டோபரில், செனட் நிதிக்குழு நாசாவுக்கு ஓர் அறிவுரை வழங்கியது. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தது சரியில்லை, இரண்டாவது அணியையும் எடுங்கள் என்றது. அதற்காக அது சேர்த்துத் தர முன்வந்த தொகை 10 கோடி டாலர். படித்தபோது தட்டச்சுப் பிழையோ என்று நினைத்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. 2022 நிதியாண்டிலிருந்து லேண்டருக்குக் கேட்ட தொகை கிடைக்கத் தொடங்கியது. 2023 மே மாதம் ப்ளூ ஆரிஜினுக்கும் 340 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. ஆனால் வடிவமைப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் இல்லாத பணத்தை நான்காம் ஆண்டில் கொடுத்து நாட்களைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்று, பணம் இல்லாததால் நாசா தேர்ந்தெடுத்த மலிவான வழி தொழில்நுட்ப ரீதியில் மிகவும் துணிச்சலானது. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் கலம் நிலவுக்குப் போக, பூமிச் சுற்றுப்பாதையில் பல டேங்கர் கலங்கள் வந்து எரிபொருள் நிரப்ப வேண்டும். கடுங்குளிர்த் திரவ எரிபொருளை இந்த அளவில் விண்வெளியில் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி யாரும் செய்துகாட்டியதில்லை. 2025இல் ஸ்டார்ஷிப்பின் முதல் மூன்று பறத்தல்களும் கலத்தை இழப்பதில் முடிந்தன. ஜூனில் ஒரு கலம் சோதனை மேடையிலேயே வெடித்தது. ஆகஸ்ட், அக்டோபர் பறத்தல்கள் நன்றாக அமைந்தன. ஆனாலும் இரண்டு கலங்களுக்கிடையே எரிபொருள் மாற்றும் சோதனை அந்த ஆண்டு முடியும்வரை நடக்கவில்லை.

விண்வெளி உடை பற்றியும் ஒரு வரி. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021 ஆகஸ்டில், 14 ஆண்டுகளில் 42 கோடி டாலர் செலவழித்தும் நிலவுக்கான உடை தயாராகவில்லை, 2024க்குள் ஆகாது என்று சொல்லியிருந்தது. லேண்டர் நேரத்துக்கு வந்திருந்தாலும் வெளியே இறங்கி நடக்க உடை இருந்திருக்காது.

செலவு குறையாததன் காரணம்

2022 மார்ச் 1 அன்று அப்போதைய தலைமை ஆய்வாளர் பால் மார்ட்டின் காங்கிரஸ் குழு முன் சொன்ன எண்கள் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தன. முதல் நான்கு ஆர்ட்டெமிஸ் பயணங்களில் ராக்கெட், வீரர்கள் பயணிக்கும் ஓரியன் கலம், தரைக்கட்டமைப்பு எல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஏவுதலுக்கும் 410 கோடி டாலர். வளர்ச்சிச் செலவு இதில் சேராது. 2025 வரை ஆர்ட்டெமிஸுக்கு ஆகும் மொத்தச் செலவு 9,300 கோடி. இது தாங்காது என்று நேரடியாகவே சொன்னார். ஷட்டிலில் திரும்பத் திரும்பப் பறந்த வகை எஞ்சின்கள், எஸ்எல்எஸ்ஸில் ஒருமுறை எரிந்து கடலில் விழுகின்றன. ஒவ்வொரு ஏவுதலுக்கும் நான்கு.

இன்னும் வேடிக்கையானது இரண்டாவது ஏவுதள கோபுரம். 2019இல் 38.3 கோடி டாலருக்கு ஒப்பந்தமான இந்தக் கட்டுமானம் 270 கோடியைத் தொடலாம், 2029 வரை இழுக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் தணிக்கை சொன்னது. செலவு எவ்வளவு ஆனாலும் அதைக் கொடுத்து மேலே லாபமும் தரும் ஒப்பந்த முறை இப்படித்தான் போகும். போட்டியாளர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும்போது, அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்ற கேள்வி தேசபக்தி இல்லாத கேள்வியாக மாறிவிடுகிறது. போட்டியின் செலவுக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது

சீனா பந்தயம் என்ற பேச்சை அதிகாரப்பூர்வமாகத் தவிர்க்கிறது. ஆனால் அங்கேயும் போட்டி உணர்வு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாங்இ திட்டத்தின் முன்னணி விஞ்ஞானி யெ பெய்ஜியன் 2018இல் நிலவையும் செவ்வாயையும் ஜப்பானோடும் பிலிப்பைன்ஸோடும் சீனா தகராறு செய்யும் தீவுகளோடு ஒப்பிட்டுப் பேசினார். போக முடிந்தும் இப்போது போகாவிட்டால் சந்ததிகள் நம்மைக் குறை சொல்லும் என்பது அவர் வாதம். ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், நெல்சன் ஒரு பேட்டியில் சீனா நிலவின் வளமான இடங்களைத் தனதென்று சொல்லிவிடும் என எச்சரித்தார். அவர் எடுத்த உதாரணம் தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகள். இரண்டு பக்கமும் தீவுத் தகராறுகளைப் பார்த்தே நிலவைப் பற்றிப் பேசின. 1967இன் விண்வெளி ஒப்பந்தம் நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது, இரண்டு நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டவை.

வேறுபாடு பணம் ஓடும் விதத்தில்தான். சீனாவின் மனித விண்பயணத் திட்டத்துக்கு 1992 செப்டம்பர் 21 அன்று ஒப்புதல் கிடைத்தது. முதலில் கலம், பிறகு ஆய்வகம், பிறகு நிலையம் என்று மூன்று படிகள். 2003இல் யாங் லிவெய் பறந்தார், 2022இல் தியாங்கோங் விண்வெளி நிலையம் கட்டி முடிந்தது. முதல் அறிவிப்பிலிருந்து முப்பது ஆண்டுகள். ஆளில்லா நிலவுத் திட்டம் இதற்குப் பக்கத்தில் தனியாக ஓடியது: 2013இல் தரையிறக்கம், 2020இல் 1,731 கிராம் மண், 2024 ஜூனில் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். 2030க்குள் மனிதர் என்ற இலக்கை 2023 மே மாதம்தான் உறுதியாக அறிவித்தார்கள். மெங்ஜோ கலம், லான்யுவெ லேண்டர், லாங் மார்ச் 10 ராக்கெட் எல்லாமே அதற்குள் வேலையில் இருந்தன. மெங்ஜோ நிலையத்துக்கும் போகும், நிலவுக்கும் போகும். இரண்டு ராக்கெட்டுகள், நிலவுச் சுற்றுப்பாதையில் ஓர் இணைப்பு, அவ்வளவுதான் அவர்களின் வழி. 2025 ஆகஸ்டில் ஹெபெய் மாகாணத்தில் லான்யுவெ இறங்கி ஏறும் சோதனையும், வென்சாங்கில் ராக்கெட் எஞ்சின் சோதனையும் பத்து நாளுக்குள் நடந்தன.

இதற்கு எவ்வளவு செலவு என்று சீனா வெளியிடுவதில்லை. ஆகவே அவர்கள் சிக்கனமாகச் செய்கிறார்கள் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அங்கே ஒரு கோபுரம் ஏழு மடங்கு விலை ஏறினால் சொல்வதற்கு ஒரு தலைமை ஆய்வாளர் கிடையாது. ஒன்று மட்டும் வெளியிலிருந்தே தெரிகிறது: ஆட்சி மாறும்போது இலக்கு மாறுவதில்லை, ஆண்டுதோறும் லேண்டருக்கான ஒதுக்கீடு வெட்டுப்படுவதுமில்லை. அப்போலோ பாணி வேகப் பணத்தை அவர்கள் நகலெடுக்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை, 2030 என்பதும் ஒரு கெடுதான்.

போட்டி எங்கே வேலை செய்தது

2021இல் பைடன் ஆட்சிக்கு வந்தபோது ஆர்ட்டெமிஸைத் தொடர்ந்தார். அப்போலோவுக்குப் பிறகு நிலவுக்கு மனிதரை அனுப்பும் ஒரு திட்டம் எதிர்க்கட்சியின் கைக்கு மாறியும் பிழைத்தது இதுதான் முதல் முறை. இதில் சீனாவின் பங்கு பெரியது என்றுதான் நினைக்கிறேன். நண்பர்களின் பங்கும் உண்டு. ஓரியனுக்கு மின்சாரமும் உந்துவிசையும் தரும் பகுதியை ஐரோப்பா செய்கிறது. கனடா ரோபோக் கையைத் தருவதால் நிலவைச் சுற்றி வரும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்தில் கனடா வீரர் ஜெரமி ஹான்சனுக்கு இடம் கிடைத்தது. 2024 ஏப்ரலில் ஜப்பான் காற்றழுத்த ரோவர் தருவதாக ஒப்புக்கொண்டு இரண்டு நிலவு இருக்கைகளைப் பெற்றது. இங்கே ரொக்கம் கைமாறவில்லை, உறுப்புக்கு இருக்கை. இப்படிப் பின்னப்பட்ட திட்டத்தை ரத்து செய்தால் வெளியுறவுத் துறைக்குத் தலைவலி. பின்னாளில் சர்வதேச விண்வெளி நிலையமாக மாறிய திட்டம் 1993இல் பிரதிநிதிகள் சபையில் 216க்கு 215 என்று ஒரே ஓட்டில் தப்பியது. பிறகு ரஷ்யா உள்ளே வந்ததும் அதை நிறுத்துவது பற்றிய பேச்சு மெல்லக் குறைந்தது. நட்பும் போட்டியும் இந்த விஷயத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ரத்தைத் தடுக்கின்றன.

2025இல் அது மீண்டும் நிரூபணமானது. மே மாதம் டிரம்ப் அரசு அனுப்பிய பட்ஜெட் நாசாவை 2,480 கோடியிலிருந்து 1,880 கோடி டாலராக வெட்டச் சொன்னது. அறிவியல் பிரிவுக்கு ஏறத்தாழ பாதி வெட்டு. எஸ்எல்எஸ்ஸும் ஓரியனும், முதல் தரையிறக்கமாகத் திட்டமிட்டிருந்த ஆர்ட்டெமிஸ் 3 உடன் முடிய வேண்டும், நிலவைச் சுற்றவிருந்த கேட்வே நிலையம் ரத்து. டெக்சஸ் செனட்டர் டெட் க்ரூஸ் இதற்கு எதிராக நின்றார். சீனாவை முந்த வேண்டும் என்ற வாதத்தோடு அவர் கொண்டுவந்த பகுதி, ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரும் சட்டத்தில் இடம்பிடித்தது. நாசாவுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் கூடுதல்: கேட்வேக்கு 260 கோடி, ஆர்ட்டெமிஸ் 4, 5 பயணங்களின் எஸ்எல்எஸ்ஸுக்கு 410 கோடி, நாசா மையங்களின் கட்டுமானத்துக்குச் சுமார் 100 கோடி, ஒரு பழைய விண்கலத்தை ஹூஸ்டனுக்கு இடம் மாற்ற 8.5 கோடி.

செப்டம்பர் 3 அன்று அதே க்ரூஸின் குழு முன் பிரிடென்ஸ்டைன் வந்து சாட்சி சொன்னார். ஏதாவது மாறினாலொழிய சீனாவின் காலக்கெடுவை அமெரிக்கா முந்த வாய்ப்பு மிகக் குறைவு என்றார். அவர் சுட்டிக்காட்டிய பலவீனம் லேண்டர். அக்டோபர் 20 அன்று தற்காலிக நாசா தலைவர் ஷான் டஃபி, ஸ்பேஸ்எக்ஸ் பின்தங்கிவிட்டது, லேண்டர் ஒப்பந்தத்தை மற்றவர்களுக்கும் திறக்கப்போகிறேன் என்றார். டிசம்பர் 18 அன்று வெளியான அதிபர் ஆணை புதிய தேதியைக் குறித்தது: 2028. பென்ஸ் மேடை ஏறுவதற்கு முன் நாசாவிடம் இருந்த அதே ஆண்டு. ஜூலைச் சட்டத்தின் கூடுதல் பணத்தில் லேண்டருக்கென்று ஒரு வரிகூட இல்லை.